குற்றாலத்தில் கூடிய பாட்டுக் கூட்டம்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும். அருவியில் குளிக்க ஊர் ஊராக ஜனங்கள் வந்து குவிவார்கள். ஆனால், குளித்துவிட்டு அங்கே ஒரு வீட்டைத் தேடிப் போனவர்களும் ஒரு காலத்தில் உண்டு. எதற்கு? கம்பர் பாட்டைக் கேட்கத்தான்!

'ரசிகமணி' டி. கே. சிதம்பரநாத முதலியாரின் வீடு அது. டி. கே. சி. என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். பக்கத்துத் தென்காசிக்காரர். வக்கீல் பரீட்சையில் தேறியவர். ஆனால் மனம் கோர்ட்டில் நிற்கவில்லை. பாட்டில் போய் நின்றுவிட்டது.

தொட்டிக்கட்டில் தொடங்கியது

இந்தக் கூட்டம் முதலில் தொடங்கியது குற்றாலத்தில் அல்ல, திருநெல்வேலியில். 1920-களில் டி. கே. சி. வண்ணார்பேட்டையில் குடியிருந்தார். வீட்டுக்குள் தொட்டிக்கட்டு, அதாவது நடுவே திறந்த முற்றம். ஞாயிறுதோறும் நண்பர்கள் அங்கே கூடினார்கள். 'வட்டத்தொட்டி' என்று பெயர் வந்தது. பரீட்சை கிடையாது, பட்டம் கிடையாது. வக்கீல்கள் வந்தார்கள், உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள், வாலிபர்களும் வந்தார்கள்.

அந்த நாளில் பழைய பாட்டு என்றாலே பண்டிதர்களின் சொத்து என்று மற்றவர்கள் ஒதுங்கியிருந்தார்கள். பதவுரை, இலக்கணக் குறிப்பு என்று கேட்டதுமே பயம்! டி. கே. சி. என்ன செய்தார்? ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார். மெதுவாகச் சொல்வார். மறுபடியும் சொல்வார். எந்தச் சொல்லில் குரல் நிற்க வேண்டும், எங்கே துள்ள வேண்டும் என்று தாளத்தோடு காட்டுவார். அப்புறம் கேட்டவர் பாடு! 'இது என் மனசைத் தொட்டதா?' என்று அவரவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். உரைகாரர் சொன்னார் என்பதற்காகத் தலையாட்ட வேண்டியதில்லை.

பாட்டை அச்சிட்டபோதும் இதே எண்ணந்தான். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் புதிதாகப் படிப்பவர் திணறுவார் அல்லவா? ஆகவே சொல்லைப் பிரித்துப் பிரித்து அச்சிட்டார்.

பண்டிதர்கள் கோபம்

இதில் ஆபத்தும் இருந்தது. கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுக்கள். கவிச்சுவை இல்லாதவை கம்பர் பாட்டே அல்ல, யாரோ இடையில் செருகியவை என்று டி. கே. சி. பலவற்றைத் தள்ளினார். பண்டிதர்கள் கொதித்தார்கள். ஏட்டில் உள்ளதை ஒருவருடைய காது தீர்மானிக்கலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அவர் ருசியே எல்லாருக்கும் சட்டமானால், அது பழைய பள்ளிக்கூடமேதானே!

நல்லவேளை, வந்தவர்கள் தலையாட்டிக்கொண்டே இருந்துவிடவில்லை. பாஸ்கரத் தொண்டைமான் தஞ்சாவூரில் உத்தியோகம் பார்த்தபோது, கேட்பாரற்றுக் கிடந்த சிலைகளைச் சேர்த்து 1951-ல் கலைக்கூடம் அமையப் பாடுபட்டார். பிறகு கோயில் கோயிலாகப் போய் 'வேங்கடம் முதல் குமரி வரை' எழுதினார். மகாராஜன் ஹைக்கோர்ட் ஜட்ஜ் ஆனார். ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழில் தந்தார். ஆங்கிலப் பேராசிரியர் அ. சீனிவாசராகவன் தாமே கவிதை எழுதினார். அவருடைய 'வெள்ளைப் பறவை' 1968-ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது.

டி. கே. சி. கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து பாட்டுக் கேட்டார்கள். 1954 பிப்ரவரி 16-ல் அவர் காலமானார்.

உத்தியோகம் மாறி வெவ்வேறு ஊர்களுக்குப் போய்விட்ட நண்பர்களை அவர் விடவில்லை. கடிதம் எழுதினார். அதில் குற்றாலத்துச் சாரல் செய்தி இருக்கும், பாட்டும் இருக்கும். அந்தக் கடிதங்கள் பின்னால் புத்தகமாக வந்தன.