காப்போரைக் காப்பவர் யார்?

சேத்தூரிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் விடுத்திருக்கிறார். அவர் இராஜபாளையத்து நூல் ஆலையொன்றில் இரவு முறை வேலை பார்ப்பவர். ஆயுள் முழுதும் மலையடிவாரத்தில் நெல் விளைவித்த அவருடைய தந்தையார், இப்பொழுது நடுநிசியில் எழுந்து, முறைத் தண்ணீர் வந்துவிட்டது, மடை திறக்கப் போகவேண்டும் என்று கதவைத் தட்டுகிறார். அவ்வயலை விற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மகனைப் பார்த்து ‘நீ யார்?’ என்கிறார், மருமகளைக் காலஞ்சென்ற தமக்கையின் பெயரிட்டு அழைக்கிறார். அவ்வம்மையார் வாசற்படியின் குறுக்கே பாய் விரித்துப் படுக்கிறார். ஈராண்டாக ஒரு முழு இரவேனும் கண்ணயர்ந்தாரில்லை. நமது அன்பர் பணம் கேட்கவில்லை, அனுதாபமும் கேட்கவில்லை. ‘என் மனைவி ஓர் இரவு நிம்மதியாகத் தூங்க இந்நாட்டில் வழி உண்டா?’ என்று மட்டுமே கேட்கிறார்.

நேயர்களே! ‘உண்டு’ என்று உடனே விடையிறுக்க நம்மால் இயலவில்லை. அவ்வெட்கமே இதனை எழுதத் தூண்டிற்று.

இந்நிலையை மேனாட்டு வைத்தியர் டிமென்ஷியா என்பர். நாம் மறதிநோய் என்போம். மூப்பின் இயல்பென்று இதனைத் தள்ளிவிடுதல் பெரும் பிழை. இது மூளையைப் பற்றும் நோய். இதன் முக்கிய வகையை 1906-ம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர் எடுத்துரைத்தார். அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. முற்றும் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆயினும், வைட்டமின் பி12 குறைவு, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் மறதிபோலத் தோன்றுவதுண்டு. அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆதலின் ‘வயதாகிவிட்டது’ என்று வாளா இராமல், முதலில் வைத்தியரிடம் காட்டுதல் கடமையாகும்.

இது எங்கோ சில வீடுகளின் துன்பமன்று. 2010-ல் வெளிவந்த இந்திய மறதிநோய் அறிக்கை, இத்தேசத்தில் 37 லட்சம் பேர் இந்நோயுற்றிருப்பதாகக் கணித்தது. 2023-ல் வெளியான ஆராய்ச்சியோ, அறுபது வயது கடந்தோரில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேர், என்று மதிப்பிடுகின்றது. 88 லட்சம் நோயாளிகளெனின், அவர்களுக்காக விழித்திருக்கும் கண்கள் எத்தனை! அவ்விழித்திருப்போரை எண்ணிப் பார்த்தவர் யார்?

உலக சுகாதார ஸ்தாபனம் ஒன்று கூறுகின்றது: மறதிநோயாளரைப் பேணும் மணி நேரங்களில் நூற்றுக்கு எழுபது பங்கு பெண்மக்களுடையது. திருச்சூர்ப் பக்கத்தில் நடந்து 2003-ல் வெளியான ஆராய்ச்சியும் மருமகள்மாரின் தோளிலேயே இச்சுமை பெரிதும் வீழ்வதைக் கண்டது. மேடைதோறும் குடும்பப் பெருமை பேசும் நாம், அப்பெருமையைத் தாங்குவோர் யாரென்று நம் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்ததுண்டா? கூட்டம் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும் தேசாபிமானி, அந்நேரத்தில் தந்தையின் படுக்கையை மாற்றிக்கொண்டிருக்கும் மனைவியைக் கண்டும் காணாதவன்போல் உறங்கப் போவானாயின், அவன் பேசிய சுதந்திரம் யாருக்கு உரியது?

இன்னொன்றையும் மறைத்துப் பயனில்லை. ‘தலைக்கூத்தல்’ என்னும் பெயரால், படுக்கையில் வீழ்ந்த முதியோரின் முடிவை வீட்டாரே விரைவுபடுத்தும் வழக்கம் தென்மாவட்டங்களில் இருந்ததென்பது 2010-ல் பத்திரிகைகளில் அம்பலமாயிற்று. அச்செய்திகளில் அடிபட்டது விருதுநகர் மாவட்டமே. அது கொலை, அதற்கு எவ்வித சமாதானமும் இல்லை. ஆனால் கண்டனத்தோடு நின்றுவிடுவோர்க்கு நாம் ஒன்று சொல்லுவோம். பாவம் ஒரே நாளில் விளைவதில்லை. உறக்கமின்றி, உதவியின்றி, மாற்றாள் இன்றி ஆண்டுக்கணக்கில் தனித்து விடப்பட்ட வீட்டில் அன்பும் வற்றும். அவ்விடத்தில் கொடுமை நுழையும். முதியவரின் உயிரைக் காக்க விரும்புவோர், அவரைப் பேணுவோரின் உடலையும் மனத்தையும் முன்னதாகக் காத்தல் வேண்டும்.

சட்டம் என் செய்கின்றது? 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, முதியோரைக் கைவிடுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். நன்று. ஆயின், கைவிடாது பேணுவோர்க்கு அச்சட்டம் அளிக்கும் துணை யாது? 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மிகுந்த துணை வேண்டுவோர்க்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை என்ற ஒன்றைக் குறிப்பிடுகின்றது. ஆனால் அதன் அட்டவணையில் பார்க்கின்ஸன் நோய் உண்டு. மறதிநோயின் பெயர் இல்லை. பெயரில்லாத நோயை எவ்வகுப்பில் அடக்குவதென்று அலுவலகம் அலுவலகமாக வாதாடப் படிப்பறிவற்ற ஏழைக் குடும்பத்தால் ஆகுமோ? அட்டவணையில் ஒரு சொல்லைச் சேர்த்தல் சர்க்காருக்குப் பெரும் பாரமன்று.

வழி இல்லாமலும் இல்லை. கோவாவில் 81 குடும்பங்களைக் கொண்டு நடத்தி 2008-ல் வெளியிட்ட பரீட்சை ஒன்றுண்டு. அங்கே பெரிய ஆஸ்பத்திரி கட்டவில்லை. உள்ளூராருக்கே பயிற்சி தந்து, ஆறு மாதம், இரு வாரத்துக்கு ஒருமுறையேனும் வீடு தேடி அனுப்பினர். நோய் இன்னதென்று அவர்கள் விளக்கினர். முதியவர் முரண்டு பிடித்தால் என் செய்வதென்று கற்பித்தனர். சர்க்கார் உதவிகளைப் பெறும் வழி காட்டினர். தேவைப்படின் மனநல வைத்தியரிடம் சேர்ப்பித்தனர். பேணுவோரின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. கோவாவில் ஆனது சேத்தூரில் ஆகாதா?

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகின்றது. அவ்வாசலைத் தாண்டி உள்ளே செல்லும் அப்பெண் ஊழியர்க்குச் சில நாள் பயிற்சி அளித்து, ‘அம்மா, நீங்கள் தூங்கினீர்களா?’ என்று கேட்கச் செய்தல் அரிதோ? ஒன்றியந்தோறும் முதியோரைப் பகற்பொழுதில் வைத்துப் பேணும் இல்லம் ஒன்று அமைத்தல் வேண்டும். இதற்கிடையே, முதியோர்க்கான 14567 என்னும் தொலைபேசி எண்ணும், மனநல ஆலோசனைக்கான 14416 என்னும் எண்ணும் உள்ளன. எழுதப் படிக்கத் தெரிந்தோர் இவற்றைத் தெரியாதோர்க்கு எடுத்துச் சொல்லுக.

சர்க்காரை எதிர்நோக்கி ஊரார் சும்மா இருத்தல் தகாது. காந்தியடிகள் பதினாறு வயதில் தம் நோயுற்ற தந்தையாரின் கால் பிடித்துக்கொண்டிருந்தார். சிற்றப்பா வந்து, தாம் பார்த்துக்கொள்வதாகக் கூறி அவரை அனுப்பினார். சிறிது நேரத்தில் தந்தையார் உயிர் நீத்தார். அருகில் இல்லாது போனோமே என்ற குறை அடிகளை ஆயுள் முழுதும் வாட்டியதைச் சத்திய சோதனையில் காண்கிறோம். பேணுவோர் ஒவ்வொருவர் நெஞ்சிலும், எவ்வளவு செய்யினும், இக்குறை உண்டு. அதனைப் பழிச்சொல்லால் பெருக்குதல் அதர்மம். நாம் செய்யத்தக்கது அந்தச் சிற்றப்பா செய்ததே: ‘நீ போய்ப் படு, நான் இருக்கிறேன்’ என்று சொல்லுதல்.

சேத்தூர் அன்பருக்கு நமது விடை இது: உம்முடைய ஆலை விடுமுறை இரவில், வாசற்படிப் பாயில் நீர் படுத்து, உம் மனைவியாரை உள்ளே தூங்கச் செய்க. மற்ற இரவுகளுக்கு உம் உடன்பிறந்தாரையும், தெருவிலுள்ள வாலிபர்களையும் முறை வைத்து அழையும். வயலுக்கு முறைத் தண்ணீர் பகிர்ந்த ஊர் அது. விழித்திருத்தலையும் முறை வைத்துப் பகிர அதற்குத் தெரியாமற் போகாது. வர மறுப்போரிடம் இவ்விதழைக் காட்டுக.