தேவியின் முடியும் தேவியும்

'வேங்கையின் மைந்தன்' படித்தவர்களுக்கு ரோகிணியைத் தெரியும். ஈழத்து இளவரசி. சோழப் படை அவள் நாட்டை வென்ற பிறகு, வென்றவர்கள் பக்கம் நிற்கிற கொடும்பாளூர் இளங்கோவின் மேல் காதல் கொள்கிறாள். இதை எழுதிய அகிலன் எங்க மாவட்டத்துக்காரர், 1922-இல் பெருங்களூரில் பிறந்தவர். 'கல்கி'யில் தொடராக வந்த இந்த நாவலுக்கு 1963-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

ரோகிணி நாவலாசிரியரின் படைப்பு. ஆனா அவளைச் சுற்றி இருக்கிற போர் நிஜம். அந்தப் போரில் சிறைப்பட்ட பெண்களைப் பற்றி நம்மிடம் இருக்கிற ஆதாரம் எவ்வளவு என்று பார்க்கலாம்.

1017 வாக்கில் ராஜேந்திர சோழனின் படை ஈழத்தின் ரோகண நாட்டுக்குள் நுழைந்தது. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி என்னென்ன கிடைத்தது என்று வரிசையாகச் சொல்கிறது: ஈழத்து அரசனின் முடி, அவனுடைய தேவியரின் முடி, முன்பு பாண்டியன் அங்கே அடைக்கலமாக வைத்துவிட்டு வந்த முடி, இந்திரன் ஆரம். தேவியரின் முடிக்கு அந்த வரிசையில் இடம் இருக்கு. அதைச் சூடியிருந்த தேவியர் என்ன ஆனார்கள் என்பதற்கு இடம் இல்லை.

இலங்கையின் சூளவம்சம் மறுபக்கத்துக் கதையைச் சொல்கிறது. சோழர்கள் ஐந்தாம் மகிந்தனின் பட்டத்தரசியையும் மணிமுடியையும் கைப்பற்றினார்கள். காட்டுக்குள் ஒளிந்த அரசனை உடன்படிக்கை என்று சொல்லி வரவழைத்துப் பிடித்தார்கள். அவன் 12 வருஷம் சோழநாட்டில் இருந்து அங்கேயே இறந்தான். மகன் காசியப்பனை மக்கள் மறைத்து வளர்த்தார்கள். அரசனுக்கு ஒரு முடிவு எழுதப்பட்டிருக்கு, இளவரசனுக்கு ஒரு தொடர்ச்சி இருக்கு. பட்டத்தரசி பாதிக் கதையிலேயே காணாமல் போகிறாள்.

இது ஈழத்துக்கு மட்டும் நடந்தது இல்லை. 1054-இல் கொப்பத்தில் சாளுக்கியர்களோடு நடந்த போரில் ராஜாதிராஜன் யானை மேலேயே உயிர்விட்டான். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடி வென்றான். அவனுடைய மெய்க்கீர்த்தியில் பிடிபட்ட யானை, குதிரை, ஒட்டகம், வராகக் கொடி என்று போகிற அதே பட்டியலில் சத்தியவ்வை, சாங்கப்பை என்ற இரண்டு தேவியரின் பெயரும் வருகிறது. பெயர் பொறிக்கப்பட்டதே பெரிய விஷயம்தான். ஆனா அந்தப் பெயரைப் பொறித்தது அவர்களுக்காக இல்லை, வெற்றியின் அளவைக் காட்டுவதற்காக.

பிடித்து வரப்பட்ட பெண்கள் எங்கே வைக்கப்பட்டார்கள்? இதற்குத் தமிழில் ஒரு தனிச் சொல்லே இருக்கு: வேளம். அரண்மனையைச் சேர்ந்த மகளிர் குடியிருப்பு அது. அரசர், அரசியர் பெயரில் வேளங்கள் இருந்தன. திருமஞ்சனத்தார், திருப்பரிகலத்தார் என்று குளியல், உணவுப் பணிகளின் பெயரிலும் இருந்தன. அங்கிருந்த பெண்களைக் கல்வெட்டுகள் 'பெண்டாட்டி' என்று குறிக்கின்றன. இன்றைக்கு நாம் சொல்கிற மனைவி என்ற பொருளில் இல்லை, பணிப்பெண் என்ற பொருளில். ஜெயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியின் கடைதிறப்பில், பாண்டியர் தோற்றோடியபின் வேளத்துக்கு வந்து சேர்ந்த பெண்களையும் கதவைத் திறக்கச் சொல்லிக் கூப்பிடுகிறார். புலவருக்கு அது சிங்காரம். கதவுக்குள் இருந்தவளுக்கு அது என்னவாக இருந்தது என்று பரணி கேட்காது.

வேளத்தில் இருந்த எல்லாரும் போரில் பிடிபட்டவர்கள்னு சொல்லிவிடக் கூடாது. வேறு வழியில் பணிக்கு வந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனா சிறைப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் அது ஒன்று என்பதில் சந்தேகம் இல்லை.

இந்த வேளத்துப் பெண்கள் சிலர் கோயிலுக்கு விளக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அன்றைக்கு ஒரு நுந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடு விடுவது வழக்கம். கொடுத்தவரின் பெயர், எந்த வேளம், என்ன கொடுத்தார் என்று கல்லில் வெட்டுவார்கள். அப்படி ஒரு பெண் கொடுத்திருந்தால் அவள் கையில் கொஞ்சம் பொருள் இருந்திருக்கு, தன் பெயர் நிலைக்கணும் என்ற எண்ணமும் இருந்திருக்கு என்றுதானே அர்த்தம்? ஊரும் குலமும் வெளியே தெரியாத ஓர் இடத்தில் வாழ்ந்தவள், தன் பெயரைத் தானே ஒரு கோயில் சுவரில் ஏற்றியிருக்கிறாள். மெய்க்கீர்த்தியில் வருகிற பெயருக்கும் இந்தப் பெயருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அது அவளைப் பிடித்தவன் எழுதியது. இது அவள் எழுதச் சொன்னது.

இனி நாவலுக்கு வருவோம். சிறைப்பட்ட பெண்ணை வென்றவனின் காதலியாக்குவது சரித்திர நாவலுக்குப் பழகிப்போன வழி. வாசகருக்கு ஆறுதலாக இருக்கும், நம் பக்கத்து வீரனின் மேல் கறையும் படாது. அகிலன் ரோகிணிக்கு மனசும் மானமும் கொடுத்து அவளை ஒரு மனுஷியாகவே எழுதினார். கல்வெட்டு முடியை மட்டும் எண்ணிய இடத்தில் அவர் அதைச் சூடிய குடும்பத்துப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த அளவில் அது பெரிய காரியம். ஆனாலும் அவளுடைய சிக்கல் காதலின் சிக்கலாகவே இருந்துவிட்டது. பிடிபட்ட பிறகு ஒருத்தி எதைச் சாப்பிட்டாள், எந்த மொழியில் பேசினாள், யாரோடு சிநேகமானாள், பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தாள் என்பதெல்லாம் இன்னும் எழுதப்படாமலே கிடக்கு.

இந்தக் கதைக்குக் கொடும்பாளூர் பொருத்தமான ஊர். அந்த இருக்குவேளிர் குடும்பம் சோழருக்காகப் போருக்குப் போன குடும்பம். சுந்தர சோழர் காலத்தில் ஈழத்துப் போரில் இறந்த சிறியவேளார் அந்தக் குடும்பத்தவர். பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தன் இரண்டு மனைவியர் கற்றளி, வரகுணா பெயரிலும் மூன்று தளி எடுத்தான். மூவர் கோயிலில் இன்று நிற்பது இரண்டுதான். வென்ற வீட்டுப் பெண்களுக்குக் கோயில் இருந்தது. தோற்ற வீட்டுப் பெண்களுக்குச் சுவரில் ஒரு வரி.

சரித்திர நாவல் எழுத நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். போர்க்களத்திலிருந்து ஆரம்பிக்காதீங்க. போர் முடிந்து இருபது வருஷம் கழித்து, ஒரு வேளத்துப் பெண் விளக்குக்கு ஆடு விட வருகிற நாளிலிருந்து ஆரம்பிங்க. கல்வெட்டுக்காரன் அவளிடம் பெயர் கேட்பான். அவள் எந்தப் பெயரைச் சொல்கிறாள் என்பதுதான் கதை.