கண்காணிப்பும் கண்ணோட்டமும்

சொற்களும் மனிதரைப் போலவே பிறந்து வளர்ந்து, சில வேளைகளிற் குணமும் திரிகின்றன. 'கண்காணி' என்னும் சொல் அத்தகையது. கண்ணாற் கண்டு மேற்பார்ப்பவன் என்பதே அதன் நேர்ப்பொருள். சோழர் காலக் கல்வெட்டுக்களிலே காரியங்களை மேற்பார்த்த உத்தியோகத்தரைக் கண்காணி என்று குறித்திருக்கக் காண்கிறோம். ஈழத்து மலைநாட்டிலே அச்சொல் 'கங்காணி' என மருவி, வேறொரு வரலாற்றைச் சுமந்து நின்றது. பிறரைத் தன்கீழ் வைத்து வேலைகொள்ளும் ஒருவனது பார்வை, அவர்தம் உடலையும் உள்ளத்தையும் என்ன செய்யும் என்று அறிய விரும்புவோர்க்கு அவ்வரலாறு ஒரு நல்ல பாடமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள் திரட்டி வந்தவன் கங்காணி. சில்லறைக் கங்காணி தன் உறவினரையும் ஊரவரையும் கொண்ட சிறு கூட்டத்துக்குத் தலைவன். அவனுக்கு மேலே பெரிய கங்காணி. அவனுக்கும் மேலே துரை. புதுமண்ணிலே வந்து நின்ற ஏழைகளுக்கு நோயிலும் சாவிலும் முன்னிற்க வேண்டியவன் அந்தக் கங்காணியே. ஆயின், வழிச்செலவும் முற்பணமும் கடனாகத் தொழிலாளியின் தலையில் ஏறின. கடன் கொடுத்தவனும் அவனே, வேலை வாங்கியவனும் அவனே என்றாயிற்று. மேலும், வேலைக்கு வந்த ஆட்களின் தொகைக்கேற்பத் தலைக்குச் சில சதம் பெரிய கங்காணிக்குக் கிடைத்தது. காய்ச்சலிற் கிடந்தவன் பிரட்டுக்களத்துக்கு வாராவிடின் அக்காசு குறையும். ஆகவே, 'உடம்புக்கு என்ன?' என்று கேட்க வேண்டிய வாய், 'ஏன் வரவில்லை?' என்று கேட்கலாயிற்று. தீயோர் பலர் ஒருங்கே கங்காணிகளாயினர் என்று கொள்ள வேண்டுவதில்லை. நல்லவனையும் அவ்வாறு பார்க்கச் செய்யும்படி முறை அமைந்திருந்தது.

அம்முறையின் முத்திரையாக விளங்கியது 'துண்டு'. இன்ன தொகையைச் செலுத்தினால் இன்னாரை விடுவிப்போம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. வேறு தோட்டம் அக்கடனைத் தீர்த்து ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். கடன் கைமாறியதன்றித் தீரவில்லை. 1921ஆம் ஆண்டிலே துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்ச வேதனச் சட்டம் பிறந்தது. தஞ்சைத் தரணியிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தனிச் சங்கம் அமைத்தார். அவர்தம் மனைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களிலே பாடல்களைப் பாடித் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். கூலி உயர்வு மாத்திரமே அவர்கள் வேண்டியதன்று. தங்களையும் மனிதராகப் பார்க்கும் கண்ணை வேண்டினர்.

'தோட்டத்தில் நோய் மிகுந்தமைக்கு வறுமையே காரணம்; மேலாளரின் பார்வைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?' என்று வினவுவார் உளர். வறுமை பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயின், பசியும் குளிரும் தீண்டாத இடத்தையும் சற்றே நோக்குவோம். இலண்டன் மாநகரின் அரசாங்கக் காரியாலயங்களிலே பணியாற்றிய ஆடவர் 17,000க்கு மேற்பட்டோரை 1967 முதலாக மருத்துவர் ஆராய்ந்தனர். அனைவரும் நிலையான சம்பளம் பெற்றவர். நிழலில் இருந்து வேலை செய்தவர். அவ்வாறிருந்தும், கடைநிலை ஊழியரிடையே இறப்பு வீதம் மேல்நிலை உத்தியோகத்தரிடையே கண்டதினும் ஏறத்தாழ மூன்று மடங்காயிருந்தது. புகைத்தல் முதலிய பழக்கங்கள் அவ்வேற்றுமையின் ஒரு பகுதியையே விளக்கின. 1985இல் ஆடவரும் பெண்டிருமாக 10,308 பேரைக் கொண்டு தொடங்கிய இரண்டாம் ஆராய்ச்சியிலே, மைக்கேல் மார்மட் முதலிய அறிஞர்கள் மற்றொன்றைக் கண்டனர். தம் வேலையை எவ்வாறு செய்வது என்பதில் தமக்கென ஒரு சொல்லும் இல்லாதவர்க்கே இருதய நோய் மிகுதியாக வந்தது. மேலிருப்பவர் தரும் மதிப்பும் உரிமையும் ஊழியரின் குருதியோட்டம் வரை சென்று எட்டுகின்றன என்க.

இனி, நம் திருவள்ளுவர் அதிகாரங்களை வைத்த முறையை நோக்குக. செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்பன 55, 56, 57ஆம் அதிகாரங்கள். அஞ்சத்தக்கவற்றைச் செய்யாதே என்று விலக்கிய பின், செய்யத்தக்கதாக 58ஆம் அதிகாரத்திலே கண்ணோட்டத்தை வைத்தார். 'நோக்கு', 'கருத்து' என்று இக்காலத்தார் வழங்கும் பொருள் அதற்கு அன்றில்லை. கண் பிறர்மேற் செல்லும்போது உள்ளமும் உடன்சென்று இரங்குதலே கண்ணோட்டம். துறவியர்க்குரிய அருளுடைமையை அறத்துப்பாலில் 25ஆம் அதிகாரமாக வைத்தவர், இதனைப் பொருட்பாலிலே, ஆள்வோனுக்குரிய இலக்கணமாகக் கூறினார். காரியம் கெடாதபடி கண்ணோட வேண்டும் என்னும் வரம்பையும் அவரே இட்டார். ஒற்றாடல் இதற்கு அடுத்து 59ஆம் அதிகாரமாக நிற்கின்றது. ஆள்வோன் யாவற்றையும் அறிந்திருக்க வேண்டியவனே. ஆயினும் இரங்கக் கற்ற கண்ணே ஒற்றாடவும் தகுதியுடையது என்று அவ்வரிசையிலிருந்து நாம் பொருள் கொள்ளலாம்.

ஆசிரியராகிய நாம் இதனைப் பிறர்க்குரிய செய்தியென்று விடுதல் தகாது. யான் முன்னர்ப் பணியாற்றிய பாடசாலை ஒன்றிலே அடுத்தடுத்து இரு அதிபர்களைக் கண்டேன். முன்னவர் காலையில் வரவுப் பதிவேட்டருகே மணிக்கூட்டுடன் நிற்பார். வகுப்பறை வாயிலில் ஒலியின்றி வந்து நின்று குறிப்பெடுப்பார். ஆசிரியர் நேரந் தவறவில்லை. ஆயினும் தலைவலியென்றும் இரத்த அழுத்தமென்றும் விடுமுறைக் கடிதங்கள் குவிந்தன. பின்னவரும் நேரத்திலே கண்டிப்புடையவரே. ஆனால் ஒருவர் பிந்தி வந்தால், அன்று மாலை தனியே அழைத்து, 'வீட்டில் யாருக்காவது சுகமில்லையா?' என்பார். நேரசூசி வகுக்குமுன் எங்களைக் கலந்து பேசுவார். சம்பளமும் கட்டடமும் மாணவரும் மாறவில்லை. ஓராண்டிலே விடுமுறைக் கடிதங்கள் அருகின. ஓய்வறையிலே மீண்டும் சிரிப்பொலி கேட்டது.

இன்று கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் காலைப் புகையிரதம் ஏறிக் கோட்டைக்கு விரையும் உத்தியோகத்தர் பலர், விரலடையாளம் பதியும் இயந்திரத்துக்கு அஞ்சியே விரைகின்றனர். இயந்திரம் வந்த நேரத்தைக் குறிக்கும். வந்தவர் முகம் வாடியிருப்பதைக் குறிக்கமாட்டாது. அதனைக் காண மேலிருக்கும் ஒருவரது கண் வேண்டும். அதிபராகவும் அதிகாரியாகவும் நாளை அமரவிருக்கும் இளைஞர், கணக்கும் சட்டமும் கற்பதோடு அக்கண்ணையும் பயின்று கொள்வாராக. மலைநாட்டு லயங்களில் வாழ்ந்து மறைந்த மக்களுக்கு நாம் செலுத்தக்கூடிய கடன் அதுவேயாம்.