உம்மம்மாவின் முழங்காலும் இதயச் சோதனையும்



உங்கள் வீட்டு உம்மம்மாவைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஹட்டன் பஸாரின் மாடி வீட்டிலோ, நுவரெலியாவில் ஒரு தோட்டத்துக் கடை வீட்டிலோ இருப்பார். முன்பெல்லாம் மேட்டையும் பள்ளத்தையும் ஒரே மூச்சில் ஏறி இறங்கியவர். முழங்கால் வாதம் வந்தபின் தொழுகையும் கதிரையில்தான். கடைக்குப் பேரப்பிள்ளை போகிறான். தண்ணீரை மகள் தூக்குகிறாள். “நெஞ்சு நோகுதா உம்மா?” என்று கேட்டால், “ஒண்டுமில்ல மகள், கொஞ்சம் வாய்வு” என்பார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நடந்தால்தானே நெஞ்சு நோகும்? நடப்பதையே விட்டுவிட்டவருக்கு வலி எங்கிருந்து வரும்? முழங்கால் நோவு இதய நோயை இப்படித்தான் மறைத்துவிடுகிறது.

ஓடும்போதுதான் தெரியும்

காலையில் ஒரு வீட்டில் மட்டும் குழாயைத் திறந்தால் தண்ணீர் நன்றாக வரும். லயம் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்தால்தான் பைப்பில் அடைப்பு இருப்பது தெரியும். இதயத்தின் இரத்தக்குழாய்களும் அப்படித்தான். படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாகவே இருக்கலாம். இதயம் வேகமாக வேலை செய்யும்போதுதான் குறை வெளிப்படும். அதற்காகத்தான் ட்ரெட்மில் எனும் ஓடும் பட்டியில் நடக்கவைத்து ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள்.

இன்று உலகெங்கும் பயன்படும் முறையை வகுத்தவர் அமெரிக்க டொக்டர் ரொபர்ட் புரூஸ். 1963இல் அவர் அதை வெளியிட்டார். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பட்டியின் வேகமும் ஏற்றமும் கூடும். முதல் மூன்று நிமிடமே மணிக்கு 2.7 கிலோமீற்றர் வேகம். நூறடிக்குப் பத்தடி உயரும் ஏற்றம். 220இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் 85 வீதத்தை நாடித்துடிப்பு எட்ட வேண்டும். 70 வயதானவருக்கு அது ஏறத்தாழ 128.

நமது உம்மம்மா இரண்டு நிமிடத்தில், “முழங்கால் தாங்காது மகன்” என்று இறங்கிவிடுவார். நாடி நூறைக்கூடத் தொட்டிருக்காது. அந்தச் சோதனையில் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று வந்தால், ‘ஒன்றும் இல்லை’ என்று பொருளாகாது. சோதனை முடியவில்லை என்பதுதான் பொருள். இவ்விரண்டையும் ஒன்றாக நினைத்து நிம்மதியாக வீடு திரும்புவதில்தான் ஆபத்து இருக்கிறது.

வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்

பெண்களிடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ட்ரெட்மில் ஈ.சி.ஜி. மட்டும் எடுத்தால், நோய் இல்லாதபோதும் இருப்பதுபோல் காட்டுவது ஆண்களைவிடப் பெண்களில் அதிகம். நெஞ்சு வலிக்குப் பதிலாக மூச்சுவாங்கல், காரணமற்ற களைப்பு, தாடை நோவு, குமட்டல் என்று வருவதும் உண்டு. ‘வாய்வு’ என்று ஒதுக்கப்படுபவை இவைதாம்.

உடலுழைப்பை அளக்க ‘மெட்’ என்றோர் அலகு இருக்கிறது. சும்மா அமர்ந்திருப்பது ஒரு மெட். ஐந்து மெட்டை எட்ட முடியாத பெண்களுக்கு நடைக்குப் பதிலாக மருந்து கொடுத்து, இதயத்தைப் படமும் எடுத்துச் சோதிப்பதே பொருத்தம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் கூறியது.

ஐந்து மெட்டை எப்படி அறிவது? நிற்காமல் ஒரு மாடிப்படி ஏறுவாரா? பஸ் நிற்கும் இடத்திலிருந்து வீட்டு மேட்டுக்கு இடையில் உட்காராமல் வருவாரா? “இல்லை” என்றால் அதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நுவரெலியா 6,000 அடிக்கு மேல் இருக்கிறது. மூச்சுவாங்கலை “உயரமும் குளிரும்தான் காரணம்” என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

நடக்காமலே சோதிக்கலாம்

வழி இரண்டு உண்டு. ஒன்று, டொபியூட்டமின் என்ற மருந்தை நரம்பு வழியே சிறிது சிறிதாகக் கூட்டிச் செலுத்துவது. படுத்திருக்கும்போதே இதயம் ஓடுவதுபோல் துடிக்கும். எக்கோ கருவியில் இதயச் சுவரின் எந்தப் பகுதி சோர்கிறது என்று பார்ப்பார்கள்.

மற்றது, அடினோசின், டைபிரிடமோல், ரெகாடினோசன் ஆகிய மருந்துகளில் ஒன்றைச் செலுத்தி ஸ்கேன் எடுப்பது. இவை நல்ல குழாய்களை விரிக்கும். அடைப்புள்ள குழாயால் அந்த அளவுக்கு விரிய முடியாது. இரத்தம் குறைவாகப் போகும் இடம் படத்தில் தெரிந்துவிடும். கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இவை பெரும்பாலும் ஒத்துவராது. ஆகவே இழுப்பு உண்டென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒருநாள் தேத்தண்ணி வேண்டாம்

தேயிலை நாட்டுப் பெண்கள் நாம் மறக்கக் கூடாத செய்தி இது! தேத்தண்ணியில் உள்ள கஃபீன், இரண்டாவது வகை மருந்துகள் வேலை செய்யும் இடத்தையே அடைத்துவிடும். குழாய் விரியாது, நோய் இருந்தும் படத்தில் தெரியாமல் போகலாம். ஆகவே சோதனைக்குக் குறைந்தது 12 மணி நேரத்துக்கு முன்பே, பல இடங்களில் 24 மணி நேரத்துக்கு முன்பே, தேத்தண்ணி, கோப்பி, கோலா, சொக்லேட் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். “ஒரு வாய் பிளேன்டீ என்ன செய்யும்?” என்று ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள். குடித்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வேறொரு நாள் செய்யலாம்.

1888இல் தேயிலையிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்த தியோபிலின் இன்று ஆஸ்துமா மாத்திரையாகவும் இருக்கிறது. அதுவும் இந்தச் சோதனையைக் கெடுக்கும். ஆனால் பிரஷர், சுகர், இதய மாத்திரை, இழுப்பு மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எதை, எப்போது நிறுத்துவது என்று டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வெட்கத்தால் தள்ளிப்போடாதீர்கள்

ஈ.சி.ஜி. பட்டைகளை நெஞ்சில் ஒட்ட வேண்டும் என்பதாலேயே “வேண்டாம்” என்று சொல்லும் தாய்மார் பலர். பெண் ஊழியர் ஒருவரை அனுப்பும்படி முன்கூட்டியே கேளுங்கள். மறைப்பும் போர்வையும் கேளுங்கள். மகளோ மருமகளோ உடன் போகலாமா என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

வயதாகிவிட்டது என்பதற்காக எல்லாருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. மேற்சொன்ன அறிகுறிகள் இருந்தால், டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ காட்டுங்கள். இதய நிபுணரிடம் போகக் கடிதம் தேவையா என்று கேளுங்கள். சும்மா இருக்கும்போதே நெஞ்சு இறுகி, வியர்த்து, மூச்சு முட்டினால் எந்தச் சோதனைக்கும் காத்திருக்கக் கூடாது. உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

இன்று அஸருக்குப் பின் உம்மம்மாவின் அருகில் சற்று உட்காருங்கள். “நோகுதா?” என்று கேட்க வேண்டாம். “முன்பு செய்து இப்போது விட்டுவிட்ட வேலை எது, உம்மா? ஏன் விட்டீங்க?” என்று கேளுங்கள். அந்தப் பதிலைத்தான் டொக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.