டர்போ வண்டியில் டாப்பெட் சத்தமா? முதலில் ஆயிலைக் கவனியுங்கள்

ராயக்கோட்டை, சூளகிரி வட்டாரங்களில் விளையும் தக்காளி, முட்டைக்கோஸ், மலர் ஆகியவற்றைச் சிறு விவசாயிகள் சிலர் சொந்தச் சுமை வண்டியிலேயே ஓசூர், பெங்களூர் சந்தைகளுக்குக் கொண்டு செல்கின்றனர். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் உள்ளது. கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து சுமையுடன் வரும் வண்டி மேடேறியாக வேண்டும். இதற்கு டர்போ பொருத்திய டீசல் என்ஜின் ஏற்றது. ஓசூரில் தயாராகி 2011-ல் விற்பனைக்கு வந்த 'தோஸ்த்' சிறு லாரியும் டர்போ என்ஜின் கொண்டதே.

எந்த வண்டியானாலும் என்ஜின் தலையில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் உடனே டாப்பெட்டை மாற்றிவிட நினைப்பது தவறு. காரணம் அறியாமல் செய்யும் செலவு வீணாகும். பாதி வழியில் வண்டி நின்றால் தக்காளிச் சுமையும் வீணாகும்.

டாப்பெட் இரு வகை

கேம் ஷாப்டின் அசைவை வால்வுக்குக் கொண்டு செல்வது டாப்பெட். டிராக்டர், பம்புசெட் என்ஜின்கள் பலவற்றில் இது திருகு மூலம் இடைவெளி வைக்கும் வகையைச் சேர்ந்தது. மற்றொன்று ஹைட்ராலிக் வகை. 1930-ல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் தன் 16 சிலிண்டர் காரில் இவ்வகை அமைப்பைப் பயன்படுத்தியது. இன்று பல கார்களில் இது உண்டு.

ஹைட்ராலிக் டாப்பெட்டினுள் ஒரு சிறு பிஸ்டன் இருக்கிறது. என்ஜின் ஆயில் அதன் அடியில் நிரம்பியதும் ஒருவழி அடைப்பான் மூடிக்கொள்ளும். இதனால் இடைவெளி தானாகவே நிரப்பப்படுகிறது. ஆயில் குறைந்தாலோ, அழுக்கேறினாலோ, தவறான ரகமாக இருந்தாலோ இடைவெளி விழுந்து சத்தம் எழும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் ஆயில் நுரைத்து இதே கோளாறு தோன்றலாம்.

டர்போவில் கூடுதல் கவனம்

டர்போ காற்றை அழுத்தி உள்ளே செலுத்துகிறது. அந்த அழுத்தம் உள்வாங்கும் வால்வின் முதுகில் தள்ளுகிறது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வு சரியாக உட்காராது. ஹைட்ராலிக் டாப்பெட் அந்த இடைவெளியையும் ஆயிலால் நிரப்பிக்கொள்வதால் வால்வு சிறிதளவு திறந்தே நிற்கும். அழுத்தம் கசியும், இழுவை குறையும், வால்வு கருகும். டர்போ அழுத்தத்தையும் டீசலையும் கூட்டி இழுவை பெற முயல்வோர் இதனை மறக்கலாகாது. மாறாக, அளவுக்கு மீறிக் கடினமான ஸ்பிரிங் போட்டால் கேம் ஷாப்டும் டாப்பெட்டும் தேயும்.

செய்ய வேண்டியவை

1. குளிர்ந்த என்ஜினை எழுப்பியதும் சில விநாடிகள் சத்தம் வந்து நின்றால் அஞ்ச வேண்டாம். தொடர்ந்து கேட்டால் ஆயில் அளவையும் அழுத்தத்தையும் பார்த்திடல் வேண்டும். குறித்த காலத்தில், கையேட்டில் உள்ள ரகத்தில், பில்டருடன் ஆயிலை மாற்றுக.

2. டாப்பெட் தேய்ந்திருந்தால் முழு செட்டாக மாற்றுவது நல்லது. கேம் ஷாப்டையும் ஸ்பிரிங்கையும் அப்போதே சோதிக்க வேண்டும். பழைய டாப்பெட்டைத் திரும்பப் போடுவதானால் அது இருந்த இடத்திலேயே போட வேண்டும்.

3. திருகு வகை என்ஜினில் ஹைட்ராலிக் டாப்பெட் மட்டும் வாங்கிப் போட இயலாது. அதற்கென ஆயில் வழியும் வேறு கேம் அமைப்பும் தேவை.

4. திருகு வகையில் கையேட்டில் குறித்த இடைவெளியைப் பீலர் கேஜ் கொண்டு வைக்கவும். சத்தமே இல்லாதபடி இறுக்கினால் வால்வு மூடாமல் கருகிவிடும்.

5. மேடேறி வந்ததும் என்ஜினைச் சட்டென நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் வெறுமனே ஓடவிடுக. நிமிடத்திற்கு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடிய டர்போவுக்கும் அதே ஆயில்தான் காவல். சூட்டில் அது கருகினால் கரி படிந்து மெல்லிய ஆயில் வழிகள் அடைபடும்.

டாப்பெட், ஸ்பிரிங், கேம் ஷாப்ட், ஆயில் ஆகிய நான்கும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை விட்டுவிட்டால் செலவு இருமடங்காகும். செலவு குறைந்தது ஆயிலே. அதிலிருந்து தொடங்குவதே சிக்கனம்.