பந்தியிலிருந்து நேராக பாத்ரூம்!

ஆண்ட்ரூ ஃபிளின்டாஃபை ஞாபகம் இருக்கிறதா? 2009-ல் நம்ம சென்னை சூப்பர் கிங்ஸ் 15.5 லட்சம் டாலர் கொடுத்து ஏலத்தில் எடுத்த இங்கிலாந்து ஆசாமி. மூன்றே மூன்று மாட்ச் ஆடினார். முழங்கால் மக்கர் செய்ய, ஊருக்குக் கிளம்பிவிட்டார். 'அப்படீன்னா ஒரு மாட்ச்சுக்கு என்ன ரேட் ஆச்சு?' என்று டீக்கடையில் வகுத்துப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். பி.காம். படித்தவனுக்கு வேறென்ன வேலை!

அதே ஃபிளின்டாஃப் 2020-ல் பி.பி.சி. டி.வி. டாக்குமென்டரி ஒன்றில் தோன்றி, தனக்குப் பல வருஷமாக 'புலிமியா' என்று சொன்னார். ஆடிக்கொண்டிருந்த நாளிலேயே ஆரம்பித்துவிட்டதாம். பத்திரிகைகள் 'குண்டன்' என்று கிண்டலடிக்க, சாப்பிட்டதை வாந்தி எடுக்கப் பழகினார். எடை இறங்கியது. ஆட்டமும் நன்றாக வந்தது. விபரீதம் இங்கேதான். பலன் கிடைக்கிற மாதிரி தெரிந்தால் யார் நிறுத்துவார்கள்? 2005 ஆஷஸ் தொடரில் 402 ரன், 24 விக்கெட் என்று ஆஸ்திரேலியாவை அலற வைத்த ஆறடி நாலங்குல மனிதர், இதற்காக ஒரு டாக்டரைக்கூடப் பார்த்ததில்லை என்றும் சொன்னார்.

புலிமியா என்றதும் வண்டலூர் ஞாபகம் வருகிறதா? புலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாட்டுக்குத்தான் சம்பந்தம். கிரேக்க பாஷையில் 'எருதுப் பசி' என்று அர்த்தம். நம்ம ஆட்கள் எதிலும் ஒரு படி மேல்தானே? மணிமேகலையில் காயசண்டிகைக்கு வந்த தீராப் பசிக்குப் பெயர் 'யானைத்தீ'. ஆனால் அது முனிவர் சாபம். பன்னிரண்டு வருஷம் என்று கெடு உண்டு, தீர்த்து வைக்க அமுதசுரபியும் உண்டு. புலிமியாவுக்குக் கெடு கிடையாது. தவிர, இதில் பசி பாதிதான். மீதிப் பாதி பயம்.

முதலில், வெறி வந்த மாதிரி சாப்பாடு. 'போதும்' என்று நிறுத்த முடியாது. கை தானாகப் போகும். முடிந்ததும் குற்ற உணர்ச்சி, 'எடை ஏறிடுமே' என்று பீதி. உடனே பரிகாரம். வாந்தி, பேதி மாத்திரை, பட்டினி, அல்லது ராத்திரி பதினொரு மணிக்கு டிரெட்மில். பட்டினி கிடந்தால் மறுபடி வெறி வரும். செக்குமாடு மாதிரி இதே வட்டம். வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூன்று மாதம் இப்படி நடந்தால் டாக்டர்கள் புலிமியா என்கிறார்கள். 1979-ல் லண்டன் டாக்டர் ஜெரால்ட் ரஸ்ஸல் என்பவர்தான் இதைத் தனி நோயாக எழுதி வைத்தார்.

கணக்குப் பாஷையில் சொன்னால், இது ஒரு பேலன்ஸ் ஷீட் மோசடி. தட்டில் பற்று எழுதியதை பாத்ரூமில் வரவு வைத்து நேர் செய்துவிட்டதாக நினைப்பு. அப்படி நேராவதே இல்லை! எவ்வளவு வாந்தி எடுத்தாலும் கணிசமான பகுதி உள்ளே தங்கிவிடுகிறது. பேதி மாத்திரை இன்னும் மோசம். சத்தையெல்லாம் சிறுகுடல் உறிஞ்சி முடித்த பிறகு பெருங்குடலில் வேலை செய்கிற சரக்கு அது. வெளியே போவது தண்ணீரும் உப்பும்தான். அந்த உப்பில் பொட்டாசியம் என்று ஒன்று இருக்கிறதே, அது ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். உயிரே போகலாம். இந்த இடத்தில் மட்டும் ஜோக் கிடையாது.

என் நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம். வீடு மயிலாப்பூர், ஆபீஸ் தி.நகர். வயசு இருபத்தொன்பது. பெண் பார்க்கப் போன இடத்தில் 'பையன் கொஞ்சம் பூசினாப்ல இருக்கானே' என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து டயட். காலையில் காபி மட்டும், மத்தியானம் நாலு துண்டு வெள்ளரிக்காய். ராத்திரி பாண்டி பஜார் வழியாக வரும்போது மனசு கேட்குமா? தனியாக உட்கார்ந்து ஒரு பந்தி சாப்பாட்டை முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொள்வார். எல்லாம் எனக்குப் பிற்பாடு அவரே சொன்னது.

அவருடைய அம்மா என்னிடம், "நீயே சொல்லுப்பா, நன்னாத்தான் சாப்பிடறான். ஆனா மூஞ்சி மட்டும் வீங்கின மாதிரி இருக்கு, ஆள் சுரத்தே இல்லை" என்று புலம்பினார். அந்த வீக்கம் சதை இல்லை. அடிக்கடி வாந்தி எடுத்தால் காதுக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கும். எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது.

கண்டுபிடித்தவர் யார் தெரியுமோ? பல் டாக்டர். பல் கூசுகிறது என்று போனவரை, முன் பற்களின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சார், அடிக்கடி வாந்தி வருமா?" என்று கேட்டாராம். அமிலம் எனாமலைத் தின்றிருந்தது. வாந்தி எடுத்த கையோடு பிரஷ் பண்ணாதீர்கள், எனாமல் இன்னும் தேயும், தண்ணீரால் கொப்பளித்தால் போதும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சில் நண்பர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "இது பொம்பளைங்களுக்கு வர்ற வியாதி இல்லையாடா?"

பெண்களுக்கு அதிகம், வாஸ்தவம். இளவரசி டயானா 1995-ல் டி.வி. பேட்டியில் சொன்னது உலகத்துக்கே தெரியும். ஆனால் பிரிட்டன் துணைப் பிரதமராக இருந்த ஜான் பிரெஸ்காட், குஸ்தி வாத்தியார் மாதிரி இருப்பார், அவரும் 2008-ல் தனக்கு இருந்ததாகச் சொன்னார். வேலை டென்ஷனில் கண்டென்ஸ்டு மில்க்கை டின்னோடு காலி செய்வாராம். சென்னையும் சளைத்ததில்லை. டாக்டர் டி.என்.ஸ்ரீனிவாசனும் சகாக்களும் 210 மருத்துவ மாணவர்களைப் பரிசோதித்து 1995-ல் வெளியிட்ட ஆய்வில், முழு நோய் என்று சொல்லும்படி யாருமில்லை. ஆனால் 31 பேர் சாப்பாடு, எடை பற்றிய அவஸ்தையில் இருந்தார்கள். இன்ஸ்டாகிராமும் சிக்ஸ் பேக்கும் வருவதற்கு முன்னால் இது!

சரி, யாரிடம் போவது? நம்ம சினிமாக்காரர்கள் புண்ணியத்தில் 'கீழ்ப்பாக்கம்' என்றாலே சிரிப்பு. 1794-ல் ஆரம்பித்த ஆஸ்பத்திரியின் வம்சத்தை ஒரு காமெடி டிராக்காக்கி வைத்திருக்கிறோம். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, இலவசம். வரிசையில் நிற்கத் தெம்பு வேண்டும், அவ்வளவுதான். தனியாரிடம் போனால் சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.டி. அல்லது டி.பி.எம். படித்த டாக்டர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு சிகிச்சை தருவார். 'ஈட்டிங் டிஸ்ஆர்டர் பார்த்த அனுபவம் உண்டா?' என்று போனிலேயே கேட்டுவிடலாம். கேட்பதில் தப்பே இல்லை. கார் மெக்கானிக்கிடம் கேட்கிறோமே!

நண்பருக்குத் துணையாக நானும் போனேன். 'உம்முனு' ஒரு டாக்டரை எதிர்பார்த்தால், அவர் முதலில் கேட்டது ரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும். பொட்டாசியம் எவ்வளவு என்று தெரியாமல் அடுத்த பேச்சே இல்லை என்றுவிட்டார். பிறகு சிகிச்சை. ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய வழி, ஐந்து மாதத்தில் ஏறக்குறைய இருபது தடவை சந்திப்பு. ஒரு டைரி. சாப்பிட்டது, நேரம், அப்போது மனசில் ஓடியது எல்லாம் எழுத வேண்டும். முதல் கட்டளை டயட்டை விடு. மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், சாப்பிடு. நண்பர் மிரண்டுவிட்டார். "குண்டாயிட மாட்டேனா டாக்டர்?" வயிறு காயாமல் இருந்தால் வெறி வராது என்பதுதான் இதில் சூட்சுமம். சிலருக்கு ஃப்ளூவாக்ஸெடின் மாத்திரையும் தருவார்கள், வேலை செய்ய சில வாரம் பிடிக்கும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கி விழுங்குகிற வேலை வேண்டாம்.

எட்டாவது வாரம் நண்பருக்குச் சறுக்கல். ஒரு கல்யாண வரவேற்பில் வழக்கம்போல் ஆகிவிட்டது. 'எல்லாம் போச்சு' என்று போனில் அழுதார். டாக்டரோ, "டைரில எழுதிட்டீங்களா? அப்ப சரி" என்றாராம்.

ஆபீஸ்காரர்களின் பயம் எனக்குத் தெரியும். ஹெச்.ஆருக்குத் தெரிந்துவிடுமோ? 2017-ம் வருட மனநலச் சட்டப்படி உங்கள் விஷயத்தை டாக்டர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும். உடம்பு நோய்க்குச் சமமாக மன நோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் நிறைய பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். ஓ.பி. ஃபீஸ் உங்கள் பாக்கெட்தான். சின்ன எழுத்தைப் படித்துவிடுங்கள்.

நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416. 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ். இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசலாம். வாந்தியில் ரத்தம் வந்தாலோ, நெஞ்சு படபடத்துத் தலை சுற்றி விழுந்தாலோ போனெல்லாம் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி கேஷுவால்டி. அங்கே போய் 'ஃபுட் பாய்சன்' என்று கதை விடாமல், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள்.