கசினோ முகாமையாளரின் கணக்கு

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவில் சீசன். 1875இல் தொடங்கிய பந்தயத் திடலில் கவர்னர் கிண்ணத்துக்குக் குதிரைகள் ஓடும். கொழும்பிலிருந்து வாகனம் வாகனமாக ஆட்கள் மலையேறி வருவார்கள். ஆனால் ஹற்றன் போன்ற நகரங்களில் பந்தயக் காசு வாங்கும் புக்கிக் கடைகளுக்குச் சீசன் என்று ஒன்று இல்லை. இங்கிலாந்தில் எங்கோ ஓடுகிற குதிரைக்கு இங்கே ஆண்டு முழுவதும் காசு கட்டலாம். தோட்டத்துச் சம்பளத்தில் ஒரு பங்கு அங்கே போவது மலையகத்தில் எல்லாரும் அறிந்த கதை.

காசு கட்டுகிறவரைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். கடையை நடத்துகிறவரின் தொழில் என்ன, அவர் எதைக் கணக்குப் பார்க்கிறார் என்று யாரும் விளக்கிச் சொல்வதில்லை. அந்தத் தொழிலின் பெரிய வடிவம் கொழும்பில் இருக்கிறது. ஜோன் கீல்ஸ் குழுமம் கட்டிய 'சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்' வளாகத்தில் மெல்கோ நிறுவனத்தின் கசினோ 2025 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அதைப் போன்ற ஓர் ஆட்டக்கூடத்தின் முகாமையாளர் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் புக்கிக் கடையும் புரிந்துவிடும்.

சில்லில் இருக்கும் பச்சைக் குழி

பந்து உருண்டு விழும் ரூலெட் சில்லில் 37 குழிகள். 1 முதல் 36 வரை பாதி சிவப்பு, பாதி கறுப்பு. பூச்சியம் மட்டும் பச்சை. நீங்கள் சொன்ன எண்ணில் பந்து விழுந்தால், கட்டிய காசுக்கு 35 மடங்கு தருவார்கள். கட்டிய காசும் திரும்பி வரும். எல்லா எண்ணிலும் நூறு நூறு ரூபாய் கட்டிப் பாருங்கள். 3,700 ரூபாய் போகும். பந்து எங்கே விழுந்தாலும் 3,600 ரூபாய்தான் வரும். குறைகிற நூறு ரூபாய் கூடத்துக்கு. நூற்றுக்கு 2.7 என்ற இந்தப் பிடிப்பில் ஏமாற்று எதுவும் இல்லை. விதியிலேயே அது எழுதியிருக்கிறது. இரண்டு பூச்சியம் உள்ள அமெரிக்கச் சில்லில் பிடிப்பு 5.26 சதவீதம்.

ஆகவே நேர்மையான சில்லே முகாமையாளருக்கு லாபம். சில்லு ஒரு பக்கம் சாய்ந்தால் அவருக்குத்தான் ஆபத்து. 19ஆம் நூற்றாண்டில் யோர்க்ஷயர் துணி ஆலைத் தொழிலில் இருந்த ஜோசப் ஜாகர், மொண்டி கார்லோ கசினோவில் விழுந்த எண்களை ஆள் வைத்துக் குறித்தெடுத்தார். ஒரு சில்லில் சில எண்கள் அடிக்கடி வருவதைக் கண்டுபிடித்துப் பெருந்தொகை வென்றார். அதனால்தான் இன்று ஒவ்வொரு சில்லிலும் விழும் எண்களைப் பதிந்து சரிபார்க்கிறார்கள். சில்லின் மட்டத்தையும் அளந்து பார்க்கிறார்கள்.

அதே மொண்டி கார்லோவில் 1913 ஓகஸ்ட் 18ஆம் திகதி கறுப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தது. 'இனிமேல் சிவப்புத்தான்' என்று கூட்டம் சிவப்பில் காசைக் கொட்டி இழந்தது. முன்பு எங்கே விழுந்தோம் என்று பந்துக்கு ஞாபகம் கிடையாது. ஆடுகிறவர் மறந்துவிடும் இந்த உண்மையை முகாமையாளர் ஒருநாளும் மறப்பதில்லை.

மேசைக் கணக்கு

முகாமையாளரின் பொழுதில் பெரும்பகுதி மேசைக் கணக்கிலேயே போகிறது. மேசையில் ஆட்டத்தை நடத்தும் டீலருக்கு மேல் மேற்பார்வையாளர், அவருக்கு மேல் பிட் பொஸ் என்று அழைக்கப்படும் பகுதிப் பொறுப்பாளர், அவருக்கு மேல் ஷிப்ட் பொறுப்பாளர். டீலர் மேசையை விட்டு எழும்போது இரண்டு கையையும் தட்டி, விரித்து, உள்ளங்கையையும் புறங்கையையும் கூரைக் கமெராவுக்குக் காட்டுவார். காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகளான சிப்ஸ் மேசைக்கு வந்தால் துண்டு எழுதி, ஒன்றுக்கு மேற்பட்டவர் கையொப்பம் வைப்பார்கள். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் பார்க்காமல் எதுவும் நகராது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மேசை திறக்கும்போது 20 இலட்சம் ரூபாய்ச் சிப்ஸ் இருந்தது. இடையில் இன்னும் 5 இலட்சம் கொண்டுவந்து வைத்தார்கள். ஆடியவர்கள் சிப்ஸ் வாங்கக் கொடுத்த ரொக்கம் 8 இலட்சம் பூட்டிய பெட்டிக்குள் விழுந்தது. மூடும்போது சிப்ஸ் 19 இலட்சம். பத்தொன்பதும் எட்டும் இருபத்தேழு. அதில் இருபத்தைந்தைக் கழித்தால் மேசையின் வருமானம் 2 இலட்சம்.

பெட்டியில் விழுந்த காசில் கால்வாசி கூடத்திடம் தங்கிவிட்டது. பிடிப்பு 2.7 சதவீதம்தானே, கால்வாசி எப்படி? வென்ற சிப்ஸையே மறுபடி மறுபடி கட்டுகிறார்கள். அந்த 8 இலட்சம் மேசையில் சுற்றிச் சுற்றி வந்து ஏறத்தாழ 74 இலட்சத்துக்குப் பந்தயமாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 2.7 சதவீதம் கழிகிறது. கொழுந்து மடுவத்தில் ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிப்பது மாத முடிவில் எவ்வளவாகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேசையில் ஒரு தடவை கட்டும் ஆகக்கூடிய தொகைக்கும் எல்லை போட்டிருப்பார்கள். தோற்கத் தோற்க இரட்டித்துக் கட்டினால் ஒருநாள் மீட்டுவிடலாம் என்பது பலருடைய நம்பிக்கை. 500 ரூபாயில் தொடங்கி ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் 63,500 ரூபாய் போயிருக்கும். எட்டாவது தடவை 64,000 கட்ட வேண்டும். எல்லை 50,000 என்றால் அங்கேயே வழி அடைபடும். எல்லையே இல்லாவிட்டாலும் ஆடுகிறவரின் கைக்காசு முதலில் தீரும்.

இலவசச் சாப்பாட்டின் விலை

வழக்கமாக வருகிறவருக்குச் சாப்பாடும் அறையும் இலவசம் என்பார்கள். அதற்கும் கணக்கு உண்டு: சராசரிப் பந்தயம், மணிக்கு எத்தனை சுற்று, எத்தனை மணி நேரம், எவ்வளவு பிடிப்பு. நான்கையும் பெருக்குவார்கள். ஒருவர் சுற்றுக்கு 1,000 ரூபாய் வீதம், மணிக்கு 40 சுற்று, நான்கு மணி நேரம் ஆடினால் கட்டுவது 1,60,000 ரூபாய். அவரிடமிருந்து சராசரியாக எதிர்பார்க்கும் தொகை 4,324 ரூபாய். அன்றிரவு அவர் வென்றாலும் பரவாயில்லை; நூறு பேர் நூறு இரவு ஆடும்போது கணக்கு நேராகிவிடும். அந்த எதிர்பார்ப்பில் ஒரு சிறு பங்குதான் இலவசச் சாப்பாடு. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 4,324 என்பது அதில் மூன்று நாளுக்கும் அதிகம்.

அரசும் இந்த வரவில் பங்கு எடுக்கிறது. 1988இன் பந்தய, சூதாட்ட வரிச் சட்டம், 2010இன் கசினோ ஒழுங்குபடுத்தல் சட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு, 2025இல் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபையை அமைக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதே ஆண்டில் மொத்த வசூல் மீதான வரி 15இலிருந்து 18 சதவீதமானது. கசினோவுக்குள் நுழையும் இலங்கையருக்கான கட்டணம் 50 டொலரிலிருந்து 100 டொலரானது. வாசலில் இவ்வளவு பெரிய தொகை கேட்டால் சம்பளக்காரர் தயங்குவார். புக்கிக் கடை வாசலில் அப்படி ஒரு தடை இல்லை.

புக்கியின் ஏடு

மூன்று குதிரை ஓடுகிறது என்று வைப்போம். வென்றால் கிடைக்கும் லாபம் முதலாவதுக்கு ஒன்றுக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்றுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு ஒன்றுக்கு மூன்று. முறையே 6,000, 4,000, 3,000 ரூபாய் சேர்கிறது, மொத்தம் 13,000. எந்தக் குதிரை வென்றாலும் கட்டிய காசும் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது 12,000தான். புக்கிக்கு 1,000 மிச்சம். குதிரையைப் பற்றி அவருக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. காசு ஒரு பக்கம் குவிந்தால் விகிதத்தை மாற்றி மறுபக்கம் இழுப்பார், அவ்வளவுதான்.

இந்த எடுத்துக்காட்டில் புக்கியின் பிடிப்பு 7.7 சதவீதம், ரூலெட்டைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. பணக்காரர் ஆடும் மேசையை விட, சம்பளக்காரர் நிற்கும் வரிசையில் கழிவு அதிகமாக இருக்கலாம் என்பதே என்னை உறுத்துகிறது. குதிரைகளின் குலம் கோத்திரம், ஜொக்கியின் திறமை எல்லாம் மனப்பாடமாகச் சொல்லும் புத்திசாலிகள் நம்மிடையே இருக்கிறார்கள். விகிதங்களைக் கூட்டிப் பார்க்க மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கூட்டுவது கடினமல்ல. ஒன்றுக்கு ஒன்று என்றால் கட்டியது ஒன்று, திரும்புவது இரண்டு, ஆகவே 50 சதவீதம். ஒன்றுக்கு இரண்டு என்றால் 33.3, ஒன்றுக்கு மூன்று என்றால் 25. மூன்றையும் சேர்த்தால் 108.3. நூறுக்கு மேல் நிற்கும் அந்த 8.3இல் இருந்துதான் கடைக்காரரின் மிச்சம் வருகிறது. சாதாரண தரக் கணிதத்தில் நிகழ்தகவு என்று ஒரு பாடம் இருக்கிறது. பகடைக்கும் நாணயத்துக்கும் பிறகு, தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் ஒரு பந்தய விகிதப் பட்டியலையும் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைக் கூட்டச் சொல்ல வேண்டும். முகாமையாளர் சம்பளம் வாங்கிக்கொண்டு போடும் கணக்கு அதுதான். அதைப் போடத் தெரிந்த பிள்ளை காசைக் கட்டுவதற்கு முன்பு ஒரு தடவை யோசிக்கும்.